நகல்: தாராவி மைக்காரருக்கு

எங்கள் சபாவின் துணைவிதிகளில் பதினேழாவது இது: “சபாவுக்காக வாங்கப்படும் எந்தக் கருவியும், அது எந்த நிலையில் பயன்படுத்தப்பட இருக்கிறதோ, அதே நிலையில் வைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும்.” காற்புள்ளிகள் உட்பட எனக்கு மனப்பாடம், ஏனென்றால் எழுதியவன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் மற்றும் பண்டகசாலைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனிடம் மாட்டுங்காவின் ஒரு நாடக சபா விதி எழுதித் தரச் சொன்னால் வேறு என்ன கிடைக்கும்? அந்த விதிப்படி நாற்காலி வாங்கியபோது, செயற்குழுவிலேயே கனமான உறுப்பினரை ஒவ்வொன்றிலும் உட்காரவைத்துப் பார்த்தோம். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன.

கம்பியில்லா மைக் வாங்கியபோது மட்டும் விதி பதினேழு பின்பற்றப்படவில்லை. பின்பற்றாதவனும் நான்தான்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கருவியோடு பேசிப் பேசியே படிந்த குரல். தெளிவாக இருக்கும், ஆனால் அடுத்த அறைக்கு எட்டாது. சபா நிகழ்ச்சிகளுக்குப் பல வருடங்களாக அவள்தான் அறிவிப்பாளர். திரைக்கு ஓரமாக, நின்ற இடத்தை விட்டு அசையாத கம்பி மைக்கின் முன் நின்று, கையிலிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சென்ற ஆண்டு, அறுபத்து மூன்றாவது வயதில், முதல் முறையாக அவளுக்கு நாடகத்தில் வேடம் கிடைத்தது. பக்கவாதம் வந்து கட்டிலில் கிடக்கும் தாய். மூன்று காட்சிகள். மூன்றிலும் படுத்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பற்றித் தனக்குத்தானே பேசிக்கொள்ள வேண்டும். கத்தினால் பாத்திரம் செத்துவிடும்.

எங்கள் நடிகர்கள் எல்லோரும் அலுவலகம் போய் வந்தவர்கள். மேடைக்கு மேலே தொங்கும் மைக்குக்கு நேர் கீழே வந்து நின்று வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்வது அவர்கள் வழக்கம். கொலை செய்யப் போகிறவன்கூட இரண்டடி தள்ளி மைக்குக் கீழே வந்து மிரட்டிவிட்டுத்தான் போவான். கட்டிலில் கிடப்பவள் எங்கே நகர்வது? உடம்பில் பொருத்தும் கம்பியில்லா மைக் சரியாக வேலை செய்தால் அவள் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும். இல்லாவிட்டால் அவள் மேடையில் படுத்து எழுந்து வந்தாள் என்பதோடு சரி.

“ஏன்னா, கேக்கறதா?” என்று சமையலறையில் இருந்து ஒருநாள் கேட்டாள். வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“என்ன சொன்னே?” என்றேன் ஹாலிலிருந்து.

“சரிதான்,” என்றாள்.

இனி மைக்காரர். சபாவில் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. அவருடைய தகப்பனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த முஸ்லிம் குடும்பம். கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே மாடியில் இவருடைய வாடகைக் கடை: ஒலிபெருக்கி, ஒலியை ஏற்றி இறக்கும் மிக்ஸர், மைக், கேபிள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எங்கள் அரங்கத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் அவர் சாமான்தான். என்னை ‘சார்’ என்பார். என் மனைவியை ‘அக்கா’ என்பார். இந்த வித்தியாசத்தை நான் முதலில் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்கு அவர் தன்னுடைய பழைய கம்பியில்லா மைக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மைக்கை எங்கே செருகவேண்டும் என்பதை அவள் தங்கை மகளுக்குத் தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தார். பிறகு மிக்ஸர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி, அவள் பேசுவதை முழுக்கக் கேட்டார். நாலாவது ஒத்திகை முடிந்ததும் மேடைக்கு அருகில் வந்தார்.

“அக்கா, ‘கதவச் சாத்திட்டுப் போ’ன்னு சொல்லுதிய பாருங்க, அதுல கடேசி ‘போ’ உள்ள போயிருது. காலைல பேசினா போகல. சாயங்காலம் ஆனா போயிருது. களைப்புல அப்படி ஆவுது. அந்த இடத்துல நான் இங்கிட்டு ஏத்திக்கிடுதேன். நீங்க உங்க பாட்டுக்குப் பேசுங்க.”

“எனக்கே தெரியாது பாய்,” என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

எனக்கும் தெரியாது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். அன்று வீட்டுக்கு வந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவள் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டேன். “காப்பி ஆறிடப் போறது,” என்றாள். கடைசி ‘து’ உண்மையாகவே உள்ளே போய்விட்டது. அடுத்த வீட்டு மாமியோடு பேசும்போதும் போயிற்று. போனில் அவள் தங்கையோடு பேசும்போது மட்டும் போகவில்லை. இதை அந்த மனிதர் நாலு ஒத்திகையில் கண்டுபிடித்திருக்கிறார். நான் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். செம்பூரில் இருந்து ஸ்டாஃப் பஸ் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பொறாமை என்ற சொல்லை அப்போது நான் உபயோகித்திருக்க மாட்டேன். ‘தகுதியற்றவர்களின் தலையீடு’ என்று சொல்லியிருப்பேன். ஆனால் பெயரில் என்ன மறைக்க முடியும்? அடுத்த ஒத்திகை முடிந்து அவள் அவரிடம், “நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கு பாய்,” என்று சொன்னதைக் கேட்டபோது எனக்கு வயிற்றில் எரிந்தது, ஜெலுசில் குடித்தால் அடங்கும் எரிச்சல் இல்லை. என்னிடம் அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை. என்னிடம் அவள் சொல்வது, “கேஸ் புக் பண்ணியாச்சா?”

இந்த நேரத்தில்தான் சபாத் தலைவர், நாடகத்தை எழுதி இயக்குபவரும் அவரே, செயற்குழுவில் ஒரு யோசனை சொன்னார். “சபாவுக்குன்னு சொந்தமா நாலு மைக் செட் வாங்கிடலாம் ஓய். நம்ம நாடகத்துக்கும் ஆச்சு, மத்த ட்ரூப்புக்கு வாடகைக்கும் விடலாம். நீர்தான் பாத்து வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி பாயை ஒரு வார்த்தை கேட்டுக்கும்.”

கடைசி வாக்கியத்தைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை.

ஆனாலும் போனேன். சயான் வரை ரயில், பிறகு நடை. மாடிக்குப் போகும் இரும்பு ஏணி செங்குத்தாக இருந்தது. பாய் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கீழே ஆளை அனுப்பி டீ வரவழைத்து, இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். மைக்கில் விழும் பேச்சை வாங்கி அலையாக அனுப்பும் பெட்டி அதுதான். மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து மிக்ஸருக்குக் கொடுக்கும்.

“இதக் கீழ போடட்டுமா சார்?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டார். சிமெண்டுத் தரையில் டக்கென்று விழுந்தது. எடுத்து ஊதினார். விளக்கு எரிந்தது. “வாடகைக்குப் போற சாமான் விழுந்துக்கிட்டேதான் இருக்கும். பிளாஸ்டிக்குன்னா மூணு கலியாணம் தாங்காது. கடக்காரன் போட விடலன்னா அந்தக் கடைல வாங்காதிய.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மைக் எப்படிப் பேசுகிறது என்று முதலில் பார்க்கக்கூடாது. எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு, ரிசீவரை மட்டும் போட்டு, அது சும்மா இருக்கிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். யாருமே பேசாதபோது விளக்கு மினுக்கினால் அந்த அலைவரிசையில் வேறு எதுவோ இருக்கிறது. இரண்டாவது, ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. நாலையும் சேர்த்துப் போட வேண்டும், ஒன்றை ஒன்று கடிக்கும். மூன்றாவது, எந்தப் பான் கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். நாலாவது, கெட்டுப்போனால் திறந்து பார்க்க இதே ஊரில் ஆள் வேண்டும்.

“அஞ்சாவது, ஆன்டெனாவுக்கு மேடை தெரியணும் சார். நடுவுல ஆளு வந்தாக்கூட இழுக்கும். நம்ம உடம்பு பூரா தண்ணிதானே, அலைய மறிச்சிரும்.”

இதையெல்லாம் நான் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். அவர் சொன்ன ஐந்தும் அட்டவணையில் ஐந்து பத்திகளாயின. பரிந்துரைத்தவர் பெயர் எங்கும் வரவில்லை. ஆறாவதாக ஒரு பத்தியை நானே சேர்த்தேன்: ‘அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் சான்றிதழ்’. பாய் நல்லது என்று சொன்ன செட்டை விற்பவர் குர்லாவில் ஒரு பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அந்தச் சான்றிதழ் இராது என்பது எனக்குத் தெரியும். ஒரு பத்தியால் ஒரு மனிதரை எப்படி வெளியே நிறுத்துவது என்பதை நான் முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றவன்.

வாங்கியது கெட்ட செட் என்று யாரும் நினைக்க வேண்டாம். உலோக உடம்பு, பென்சில் பேட்டரி, எல்லாம் சரி. கீழே போட்டும் பார்த்தேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சோதனை ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தது. காலி அரங்கம். தலைவரும் செயற்குழுவினர் மூவரும் ஆளுக்கொரு மைக்கை மாட்டிக்கொண்டு மேடையின் நாலு மூலைக்கும் போய் ஒன்று, இரண்டு, மூன்று என்றார்கள். ரிசீவர்கள் நான்கையும் மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரியில் வைத்திருந்தேன். மற்ற நாடகக் குழுவினர் பித்தான்களைத் திருகிவிடக்கூடாது என்பதற்காக நானே செய்த ஏற்பாடு. பின்பக்கம் துளை போட்டுக் கேபிளை வெளியே எடுத்திருந்தோம். அலமாரிக் கதவு திறந்திருந்தது. பச்சை விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். ஏற்புச் சான்றில் கையெழுத்தாயிற்று.

நாடகம் மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. ஒலிபெருக்கியும் மிக்ஸரும் வழக்கம்போல் பாயுடையவை. மைக் மட்டும் சபாவினுடையது. கடைசி ஒத்திகையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆட்டம் ஆரம்பிக்கக் கால் மணி நேரம் இருக்கையில் நான் பின்னால் போய், அலமாரிக் கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு முத்திரையும் வைத்தேன். விலையுயர்ந்த சாமான், கூட்டம் வரும் இடம், பாதுகாப்பு முறை அதுதான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தேன்.

முதல் காட்சி. கட்டில் மேடையின் வலது ஓரத்தில், அலமாரிக்கு எதிர்ப்புறம். அவள் பேச ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை கேட்டது. பிறகு ஒரு கொரகொரப்பு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வாக்கியத்தின் வால். அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற மூத்த மகன் வேடக்காரன் பேசியது மட்டும் நன்றாகக் கேட்டது. அதனால் அவன் தானாகப் பேசிக்கொண்டு தானாக அழுவது போலிருந்தது. பின் வரிசையில் யாரோ, “சவுண்ட், சவுண்ட்,” என்றார்கள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆபரேட்டராக இருந்தவள், லைன் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை. எழுதியிருந்தபடியே சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பாய் மிக்ஸரை விட்டு எழுந்து மேடைக்குப் பின்னால் போனார். ஒரு நிமிடம் கழித்து, குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்து என் காதருகில் சொன்னார்:

“சார், சாவி.”

“எதுக்கு?”

“கதவத் தொறந்து வச்சாப் போதும் சார். பெட்டிக்குள்ள அலை போவாதுல்லா.”

நான் இயற்பியல் பட்டதாரி. உலோகப் பெட்டிக்குள் வானொலி அலை போகாது என்பதை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் படம் வரைந்து எழுதி மதிப்பெண் வாங்கியவன். அவர் ‘கதவு’ என்று சொன்ன அந்தக் கணத்தில் எனக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. சாவி என் விரல்களுக்கு அரையடி தூரத்தில் இருந்தது. முன்னால் என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். என் இரு பக்கமும் செயற்குழுவினர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் போய்க் கதவைத் திறப்பார், அவள் குரல் வந்துவிடும், அது இவர் கொடுத்த குரலாக இருக்கும்.

“நிகழ்ச்சி நடுவிலே முத்திரையை உடைக்க முடியாது,” என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். “சரி சார்,” என்றார். போய்விட்டார்.

இரண்டாம் காட்சியும் அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு திரை விழுந்தபோது அவர் தன் பையிலிருந்த சொந்த மைக்கையும் ரிசீவரையும் எடுத்து, ரிசீவரை மேடை தெரியும்படி ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, தங்கை மகளிடம் மைக்கைக் கொடுத்து மாட்டவைத்தார். மூன்றாம் காட்சி முழுவதும் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. ‘கதவச் சாத்திட்டுப் போ’ என்று அவள் சொன்னபோது கடைசி எழுத்து அப்படியே கடைசி வரிசை வரை போய் நின்றது. அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. நான் நல்ல நாற்காலிகளாகத்தான் வாங்கியிருந்தேன்.

முடிந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: “கடைசி சீன் பிரமாதம் மாமி. முதல் ரெண்டு சீன்ல என்ன சொன்னேள்?”

டாக்சி கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டியது. பிறகு, “பாய் சாவி கேட்டாராமே,” என்றாள்.

“கேட்டார்.”

“ஓ,” என்றாள். செம்பூர் வந்ததும் டாக்சிக்குப் பணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை நான் ஒரு கடிதம் டைப் செய்தேன். கம்பியில்லாக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்கு. பொருள்: அனுமதியற்ற கருவியால் இடையூறு. சபாவின் முறைப்படி வாங்கப்பட்ட செட், நிகழ்ச்சியின்போது இன்னாருடைய செட்டால் பாதிக்கப்பட்டதாகத் தெரிகிறது. மூன்றாம் காட்சியில் அந்தச் செட் இயங்கியதற்குச் சாட்சிகள் உண்டு. ஆகவே முதல் இரண்டு காட்சிகளிலும் அது இயங்கியிருக்கக்கூடும். ‘கூடும்’ என்ற சொல்லால் நான் பல பேருடைய பில்களை நிறுத்தி வைத்தவன். அதன் பலம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்தால் பொய் இல்லை. இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், ரெஜிஸ்டர் தபாலில்.

புகாரில் குறிப்பிடப்பட்டவருக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்பது முறை. அனுப்பாவிட்டால் புகார் மறைமுகமானதாகிவிடும், இயற்கை நீதிக்கு விரோதம். எனவே கடைசியில் ‘நகல்’ என்று போட்டு, தாராவி விலாசத்தை எழுதி, அதையும் ரெஜிஸ்டர் தபாலிலேயே அனுப்பினேன். அந்த நகல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் நகல்கள் போனால் கோப்பில் போய்ப் படுக்கும். வேறு எங்கும் போனதில்லை.

இந்த நகல் நேராக என் வீட்டுக்கு வந்தது.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், பாய் குடையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். என் மனைவி தரையில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இங்கிலீஷ்ல ஏதோ லெட்டர் வந்திருக்கு. கவர்மெண்டு மாதிரி தெரியுது. என் மவ வாசிச்சா, வார்த்த தெரியுது, விசயம் பிடிபடலங்கா. சார் பாத்தாச் சொல்லிருவாவன்னு எடுத்துட்டு வந்தேன்.”

என் கையில் கொடுத்தார். என் டைப், என் ஓரக்கோடு, என் கையெழுத்து. அதை அவர் கவனிக்கவில்லை; அவருக்கு நான் ‘சார்’தான், பெயர் தெரியாது. கீழே இருந்த ரப்பர் முத்திரையைத்தான் பார்த்திருந்தார் போலும், சபாவின் பழைய முத்திரை, வட்டமாக, அரசு முத்திரை மாதிரியே இருக்கும்.

“கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன்,” என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “கொடுங்கோ, நான் படிக்கறேன்,” என்றாள்.

படித்தாள். ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில், பிறகு அதையே தமிழில். ட்ரங்க் கால் செய்தி சொல்வதுபோல, எதையும் விடாமல், எதையும் சேர்க்காமல். ‘இடையூறு’. ‘அனுமதியற்ற’. ‘இயங்கியிருக்கக்கூடும்’. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது என் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்பதைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி, பதவியைச் சொல்லி, அடைப்புக்குள் ‘ஓய்வு’ என்பதையும் சொன்னாள். ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை.

பாய் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சாருக்கு அப்படித் தோணியிருக்கு, எழுதிட்டாவ,” என்றார். யாருக்கோ சமாதானம் சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்து, “அப்போ இது தீர்ற வரைக்கும் நான் அந்த செட்டப் போடக்கூடாதுல்லா சார்?”

போடலாம். ஒரு புகார் எழுதப்பட்டதாலேயே எதையும் நிறுத்த வேண்டியதில்லை. விசாரணையாகி உத்தரவு வந்தால்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டவரும் எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்டார். நான் சொன்னது: “அங்கேர்ந்து பதில் வரவரைக்கும் போடாம இருக்கறது உசிதம்.”

“சரி சார்,” என்றார். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். சொன்னபடியே அன்றிலிருந்து கம்பியில்லா மைக் எதையும் வாடகைக்கு அனுப்பவில்லை. கம்பி மைக் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாகத் தலைவர் சொன்னார். ஏன் என்று பாய் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரமே நாடகத்தைச் செம்பூரில் மறுபடி போடுவது என்று முடிவாயிற்று. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை. முதல் இரண்டு காட்சிகளைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். அவள் சொல்லப்போவதை முழுக்கக் கேட்க ஓர் அரங்கம் காத்திருந்தது.

“நம்ம செட்டையே எடுத்துண்டு போகலாம்,” என்றேன் நான் அவளிடம். “கதவெல்லாம் இருக்காது. வெளியிலேயே வெச்சுடறேன்.”

“உங்க மைக் வேண்டாம்.”

“அது சபா மைக்.”

“எதுவா இருந்தா என்ன? அந்த மனுஷர் என்னிக்குத் தன்னோடதை ஆன் பண்றாரோ அன்னிக்கு நான் பேசறேன். நீங்க எழுதினதை நீங்களே வாபஸ் வாங்குங்கோ. வாங்கிட்டேன்னு வாயால சொல்ல வேண்டாம். அவா பதில் போடட்டும், அதைப் பாய் கையில கொடுங்கோ.”

“சும்மா ஆன் பண்ணச் சொன்னா பண்ணிடுவார். நான் போய்ச் சொல்றேன்.”

“போன வாட்டியும் நீங்கதான் சொன்னேள்,” என்றாள்.

வாபஸ் கடிதம் அன்றே போயிற்று. இரண்டு வாரம் கழித்து முதல் நினைவூட்டல். அடுத்த வாரம் இரண்டாவது. பிறகு நேரில் போனேன். கீழ்த்தளத்தில் என்ட்ரி போட்டு, மூன்றாவது மாடியில் காத்திருந்து, ஒரு பெண்ணின் மேஜை முன் உட்கார்ந்தேன். மரியாதையான பெண். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, “அங்கிள், ஃபைல் ப்ராசஸ் மே ஹை,” என்றாள். ‘கோப்பு நடவடிக்கையில் இருக்கிறது’: என்னுடைய வாக்கியம் அது. முப்பத்து நான்கு வருடம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது, அதே மாதிரி தலையைச் சாய்த்து. அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை என்பது எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தாராவிக்கும் போனேன். இரும்பு ஏணி. ஸ்டூல். டீ. “பாய், நான் சொன்னது தப்பு. நீங்க செட்டைப் போடலாம். விதியில தடை இல்லை,” என்றேன். இப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

“பரவால்ல சார்,” என்றார். “பேப்பர் வரட்டும். பதினஞ்சு வருசமா இந்தத் தொழில்ல ஒரு கம்ப்ளைண்டு இல்ல. வந்த மொதக் கம்ப்ளைண்டு, அதைப் பேப்பர்லயே முடிச்சிருவோம். நாளைக்கு வேற யாரும் ஒண்ணு சொல்லப்படாதுல்லா.” பிறகு, “அக்கா பேசிப் பாக்காவளா? சாயங்காலம் பேசச் சொல்லுங்க. அந்த நேரத்துக்குத்தான் குரல் பழகணும்,” என்றார்.

அவள் பேசிப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் தலைவர் வீட்டுக்கு வந்து, கையைப் பிசைந்துகொண்டு, இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது என்று கேட்டார். அவள், “வேற யாரையாவது போட்டுக்கோங்கோ,” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். பாண்டுப்பிலிருந்து ஓர் அம்மாளைப் பிடித்தார்கள். மைக்கே தேவைப்படாத குரல்.

இரண்டாவது சனிக்கிழமை செம்பூர் அரங்கம் நிறைந்திருந்தது. பாண்டுப் அம்மாள் கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்த்துக் கர்ஜித்தாள். எல்லாம் கேட்டது. அதற்கு முன்னால், திரைக்கு ஓரமாக, கம்பி மைக்கின் முன்னால், என் மனைவி கையில் சீட்டோடு வந்து நின்றாள். படிக்க ஆரம்பிப்பதற்கு முன் அரங்கத்தின் பின்பக்கம் மிக்ஸர் இருந்த திசையில் பார்த்தாள். பாய் ஒரு விரலைத் தூக்கினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். நாலு வரி அறிவிப்பு. நான் மூன்றாவது வரிசையில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய வேலையும் இல்லை. அத்தனை நடந்த பிறகும், அந்த ஒரு விரலைப் பார்த்து எனக்கு எரிந்தது. இதை எழுதும்போதும் கொஞ்சம் எரிகிறது.

அரசு அலுவலகத்தின் பதில் ஒரு பத்தி. பார்வையில் காணும் என் புகார், அதற்கென நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் அளிக்கப்படாததால் ஆரம்பத்திலேயே பதிவு செய்யப்படவில்லை. பதிவாகாத புகாரை வாபஸ் பெறுவதற்கான அவசியம் எழவில்லை. நினைவூட்டல்களும் இத்துடன் முடித்துவைக்கப்படுகின்றன. அப்படி ஒரு படிவம் இருப்பது எனக்குத் தெரியாது. கடிதத்தைத் தபால்காரர் என் மனைவியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அவள் நின்றபடியே படித்துவிட்டு, மடித்து, பாயிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். அன்று தேதி, செப்டம்பர் பதினாறு, செவ்வாய்க்கிழமை; செம்பூர் நாடகம் முடிந்து மூன்றாம் நாள்.